கம்பி பிடிக்காத கண்டக்டரும் சுற்றும் நாற்காலியும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் காலை ஆறு பத்து பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முதலில் ஒரு கம்பியைத் தேடிப் பிடித்துக்கொள்வார்கள். உட்கார இடம் கிடைத்தவர்கள்கூட முன் சீட்டின் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொள்வார்கள். அந்த ரோட்டுக்கு அது நியாயம்தான். பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்கிற ஒரே மனிதர் கண்டக்டர் திருவேங்கடம்.

இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் கம்பியைப் பிடித்ததில்லை. சீட்டு மூலையில் இடுப்பைச் சாய்த்துக்கொள்வதும் கிடையாது. அதெல்லாம் பிடிக்கிற கணக்கில்தான் சேரும் என்பது அவருடைய கொள்கை. சீட்டு வரிசைகளுக்கு நடுவே இரண்டு கால்களையும் சற்றே கோணலாக ஊன்றி, தோல் பையை வயிற்றுக்கு நேராகத் தள்ளி, இடது கையில் டிக்கெட் மெஷினோடு நிற்பார். எந்த இடத்தில் வேகத்தடை, எந்த இடத்தில் பள்ளம் என்பது அவர் உள்ளங்காலுக்கு மனப்பாடம். ஒருமுறை குழிப்பாந்தண்டலத்தில் எருமை குறுக்கே வந்து டிரைவர் அப்பாசாமி ஒரேயடியாக பிரேக் போட்டபோது, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் போய் விழுந்தார்கள். திருவேங்கடம் நின்ற இடத்தில் நின்றபடி ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். இந்தக் கதையைப் பாதி ஊர் கேட்டிருக்கிறது, பெரும்பாலும் அவர் வாயாலேயே.

பெரிய வளைவுகள் வரும்போது பஸ்ஸில் பேச்சு நின்றுபோகும். எல்லாரும் அவரையே பார்ப்பார்கள். தன்னை ரசிக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிப் பல வருஷம் ஆகிறது. அதனால் வளைவு வந்தால் வேண்டுமென்றே மெஷினைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் சில்லறை எண்ண ஆரம்பித்துவிடுவார். கலைஞனுக்கு இந்த அளவு அலட்டல்கூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தக் கலையைப் பார்க்க வராத ஒரே ஆள் அவர் மனைவி சரோஜாதான். ராட்டினக்கிணறு ஸ்டாப்புக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் வீடு. சரோஜாவின் தங்கை பிரபா திருக்கழுக்குன்றத்தில் வாழ்க்கைப்பட்டவள். தங்கை வீட்டுக்குப் போக சரோஜா ஸ்டாப்பில் நிற்பாள். புருஷன் பஸ் வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருப்பாள். கண்டக்டர் பெண்டாட்டி என்று நாலு பேர் பார்ப்பது அவளுக்குக் கூச்சம் என்று திருவேங்கடம் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு சரி, கேட்டதில்லை.

தை மாதம் ஒரு விடியற்காலையில் படுக்கையில் இடது பக்கம் புரண்டார். வீடும் சேர்ந்து புரண்டது. அவர் நின்ற பிறகும் வீடு நிற்கவில்லை. ஓடாத மின்விசிறி கூரையோடு சேர்ந்து சுற்றியது. மூன்று நாள் வாந்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். சுவர் கம்பி இல்லையென்பதால் அது கணக்கில் வராது என்று பிற்பாடு சாதித்தார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பித்தம் என்றார் ஒருவர். எதிர்வீட்டு சந்திரம்மா கண்திருஷ்டி என்றாள். பஸ் முழுக்க ஒரே ஆளை இருபத்தாறு வருஷம் பார்த்தால் படாதா என்று கேட்டாள். டாக்டர், காதுக்கு உள்ளே பேலன்ஸ் நரம்பு வீங்கியிருக்கிறது, ஏதோ வைரஸ், மெதுவாகத்தான் சரியாகும் என்றார். திருவேங்கடத்துக்கு அந்த டாக்டர் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

"தல சுத்துதுன்னு சொன்னா காதுல லைட் அடிச்சிப் பாக்குறாரு. இவரு இன்னா டாக்டரு?" என்று சரோஜாவிடம் கேட்டார்.

இரண்டு வாரத்தில் சுற்றல் நின்றது. மறுநாளே டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். திருக்கழுக்குன்றம் வரைக்கும் கால் கொஞ்சம் மெத்தையில் நிற்பதுபோல் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. எச்சூர் வளைவு வந்தது. பேச்சு நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல் மெஷினைக் கக்கத்தில் செருகினார். அடுத்த நொடி செல்லம்மாவின் மடியில் கிடந்தார்.

செல்லம்மா மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். பதினெட்டு வருஷமாக அதே ஆறு பத்து, அதே மூன்றாவது சீட்டு. அன்று அவள் மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. அதன்மேல் திருவேங்கடம், அவர்மேல் தோல் பை. குழம்பு புடவை முழுக்க ஆனது. அந்த நிலையிலும் அவள்தான் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து, தலை கம்பியில் இடிக்காமல் காப்பாற்றினாள்.

அப்பாசாமி பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்தார். "மச்சான், நான் ஸ்லோவாத்தானடா வளச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஐம்பது பேர் பார்த்துவிட்டார்கள். அந்த அவமானம் திருவேங்கடத்தை வாட்டியது. மறுநாள் முதல் லைட் டூட்டி என்று டிப்போவில் உத்தரவு. திரும்ப லைனில் ஏற வேண்டுமானால், ஓடுகிற பஸ்ஸில் நிற்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் நின்ற மனிதருக்கு இப்போது நிற்பதற்கு ஒரு சர்டிபிகேட் தேவைப்பட்டது.

லைட் டூட்டி என்பது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வருகிற போகிற பஸ்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருவேங்கடத்துக்கு உட்காரவே தெரியவில்லை. நாற்காலியில் பத்து நிமிஷம் இருப்பார், எழுந்து அதன் பக்கத்தில் நின்றுகொள்வார். தினமும் ஆறு பத்து கிளம்பும்போது புதுக் கண்டக்டர் கம்பியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதுவதைப் பார்த்தால் வயிறு எரியும். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். இந்த நாற்காலியிலேயே அது கழிந்துவிடுமோ என்ற பயம் அவருக்குச் சோற்றைக் கசக்கவைத்தது.

பங்குனியில் டாக்டர், கூடுவாஞ்சேரியில் தலைசுற்றலுக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சுற்றும் நாற்காலி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அதில் தெரிந்துவிடும், அதை வைத்து சர்டிபிகேட் தரலாம் என்றார்.

"நான் நிக்கணும்னு கேக்குறேன். அவங்க ஒக்கார வெச்சி டெஸ்ட் பண்றாங்க" என்றார் திருவேங்கடம்.

"போய்த்தான் ஒக்காருங்க. நாக்காலி ஒண்ணும் கடிக்காது" என்றாள் சரோஜா. துணைக்கு அவளும் கிளம்பினாள். மின்சார ரயிலில் அவர் முழங்கையை அவள் பிடித்துக்கொண்டாள், அவர் உதறினார், அவள் மறுபடி பிடித்தாள். கூடுவாஞ்சேரி வரை இது நடந்தது.

கிளினிக்கில் அவர்களை அழைத்துப் போனவள் சிநேகா. இருபத்தாறு வயதுப் பெண், மதுராந்தகத்திலிருந்து தினமும் வருகிறவள், காதையும் பேலன்ஸையும் பரிசோதிப்பதுதான் அவள் படிப்பு. ஒரு வட்டமான சின்ன அறை. கதவை மூடினால் உள்ளே கும்மிருட்டு. நடுவில் ஒரு நாற்காலி. அதில் தோளுக்கு பெல்ட், இடுப்புக்கு பெல்ட், தலை ஆடாமல் இருக்க ஒரு பட்டை. கண்ணுக்குப் பெரிய கண்ணாடி ஒன்று மாட்டினாள். அதற்குள் இருட்டிலும் கண்ணைப் படம் பிடிக்கும் கேமரா இருந்தது. காதுக்கு ஹெட்போன், வாய்க்கு மைக்.

"டிரைவர் யாருமா?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"நான்தான் சார். வெளிய கம்ப்யூட்டர்ல இருப்பேன்."

"லைசென்ஸு கீதா?"

"இருக்கு சார். ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு பாருங்க, பிடிச்சுக்கங்க."

திருவேங்கடம் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்குப் பழக்கமில்லமா."

சிநேகா அவரைப் பார்த்தாள், சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா கூரையைப் பார்த்தாள்.

அவருக்குப் புரிகிற மாதிரி சிநேகா சொல்லிக் கொடுத்தாள். "பஸ் குலுங்குறப்பவும் உங்களால மெஷின்ல இருக்கிற நம்பரைப் படிக்க முடியுதுல்ல சார்? தலை எந்தப் பக்கம் போகுதுன்னு காது கண்ணுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. கண்ணு அதுக்கு எதிர்ப் பக்கமா நழுவும், அப்புறம் வெடுக்குனு திரும்பி வரும். இருட்டுல நாற்காலி ஆடும்போது கண்ணு அந்த வேலையைச் சரியா செய்யுதான்னு பார்க்கப் போறேன். நீங்க கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும். மனசும் முழிச்சிருக்கணும். அதனால நிறுத்தாம எதையாவது சொல்லிக்கிட்டே இருங்க. ஊர்ப் பேரா சொல்லுங்க."

"அப் டிரிப்பா, டவுன் டிரிப்பா?"

"எதுவானாலும் சரி சார்."

கதவு மூடியது. நாற்காலி மெதுவாக இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. திருவேங்கடம் ஆரம்பித்தார். "செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு, ராட்டினக்கிணறு..." திருக்கழுக்குன்றம் வந்தார், எச்சூர் தாண்டினார், குழிப்பாந்தண்டலத்தில் ஆளை இறக்கினார், பூஞ்சேரி கூட்ரோட்டில் திரும்பினார். மாமல்லபுரம் போய்ச் சேர்ந்ததும் அதே வரிசையில் திரும்பி வந்தார். குரல் ஒரே சீராக இருந்தது. நாற்காலி வேகமாக ஆடினாலும் மெதுவாக ஆடினாலும் பஸ் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கோ சௌகரியமாக இருந்தது. தை மாதத்துக்குப் பிறகு இவ்வளவு நிம்மதியாக அவர் எங்கேயும் போனதில்லை.

வெளியே திரையில் சிநேகா பார்த்துக்கொண்டிருந்த கண்ணசைவுக் கோடு ஏறக்குறைய நேர்கோடாகப் போயிற்று. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் துள்ளவில்லை. மறுபடி ஒருமுறை ஓட்டினாள். அவரும் மறுபடி ஒருமுறை மாமல்லபுரம் போய்வந்தார். அதே கோடு.

பெல்ட்டை அவிழ்க்கும்போது அவள் முகம் சரியில்லை. திருவேங்கடம் முகத்தைப் படிக்கிறவர். டிக்கெட் எடுக்காதவனை எட்டு வரிசை தள்ளியே கண்டுபிடிப்பவர்.

"இன்னாமா, சொல்லு."

"டாக்டர் பார்த்துட்டுச் சொல்வார் சார்."

"நீ சொல்லுமா. நான் எத்தினி மாசமா இதுக்குக் காத்துகினு கீறேன்."

சிநேகா தயங்கினாள். "ரெண்டு காதுமே ரொம்பக் கம்மியா காட்டுது சார். ஒரு காதுதான்னா பரவாயில்ல. ரெண்டுமேன்னா, ஓடுற பஸ்ல நிக்கிறது... டாக்டர் வரட்டும் சார்."

திருவேங்கடம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த முறை எழுந்து பக்கத்தில் நிற்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாலு வருஷம் டைம் ஆபீஸ். ஆறு பத்து கிளம்புவதை நாலு வருஷம் பார்க்க வேண்டும். அழுகை வந்துவிடும் போலிருந்ததால் எதிரில் இருந்த தண்ணீர் கேனின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை மூன்று தடவை படித்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் சரோஜா.

"அவ்ளோதான் சரோஜா. முடிஞ்சிபோச்சி."

சரோஜா அவர் முதுகில் கையை வைத்தாள். இந்தத் தடவை அவர் உதறவில்லை.

டாக்டர் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சிநேகா ஒரு தாளோடு வந்து சரோஜா பக்கத்தில் உட்கார்ந்தாள். விட்டுப்போன கேள்விகள் சில இருந்தன. இருட்டில் தடுமாறுகிறாரா, சர்க்கரை உண்டா, நன்றாகத் தூங்குகிறாரா.

"தூக்கத்துக்கு இன்னா கொறச்சலு" என்றாள் சரோஜா. "தூங்கிக்கினே டூட்டி பாப்பாரு. ஸ்டாப்பு பேரெல்லாம் வரிசையா சொல்லுவாரு. செங்கல்பட்டுல ஏறுவாரு, பூஞ்சேரி வந்ததும் பொரண்டு படுப்பாரு. சில நாளு கண்ணு தொறந்துகினுதான் கீதும். மொதல்ல எனக்கு பயமா இருந்திச்சி. அப்புறம் பூஞ்சேரி வந்தா நானும் தூங்கிடுவேன்."

சிநேகாவின் பேனா நின்றது. "எந்த ஸ்டாப்பும்மா? பஸ் ஸ்டாண்டு, ராட்டினக்கிணறு... அந்த வரிசையா?"

"அவருக்கு வேற இன்னா வரிச தெரியும்?"

சிநேகா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு திருவேங்கடத்திடம் வந்தாள். "சார், உள்ள நீங்க முழிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"கண்ணு தொறந்துதானமா இருந்தேன்."

"கண்ணைக் கேக்கல சார்."

அவர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "குழிப்பாந்தண்டலம் வரிக்கும் முழிச்சிக்கினு இருந்த மாதிரிதான் கீது" என்றார்.

மனசு அசந்துவிட்டால் கண் துள்ளாது. காது நன்றாக இருந்தாலும் கோடு படுத்துவிடும். அதற்காகத்தான் பேசிக்கொண்டே இருக்கச் சொல்வது. வேறு யாராவது ஊர்ப் பெயர் சொல்ல வேண்டுமென்றால் மூளையைக் கசக்க வேண்டும். இவரோ இருபத்தாறு வருஷமாகத் தூக்கத்திலும் சொல்லிப் பழகிய பெயர்களைச் சொல்லிக்கொண்டு, இருட்டில், ஆடுகிற நாற்காலியில், கண்ணைத் திறந்தபடி அசந்துவிட்டார். இதை சிநேகா சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ இன்னொரு டிரிப்பு போலாமா?"

"போலாம் சார். ஆனா இந்த முறை ஸ்டாப் பேர் கூடாது. உங்களுக்குச் சட்டுனு பதில் வராத விஷயமா கேக்கணும். எனக்கு உங்களைப் பத்தித் தெரியாதே." சிநேகா திரும்பினாள். "அம்மா, நீங்க மைக்ல கேக்குறீங்களா?"

சரோஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். புருஷனை பெல்ட் போட்டுக் கட்டி, இருட்டில் உட்காரவைத்து, பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற நிலையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பு எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்?

கதவு மூடியது. நாற்காலி ஆட ஆரம்பித்தது. திருவேங்கடத்தின் காதுக்குள் மனைவியின் குரல் கேட்டது.

"நம்ம வூட்டு கேட்டு இன்னா கலரு?"

"பச்ச."

"நீலம் அடிச்சி ரெண்டு வருசம் ஆவுது. தெனம் அதத் தொறந்துகினுதான போறீங்க? சரி, பிரபா பசங்க பேரு சொல்லுங்க. மூத்ததுலேர்ந்து."

பிரபாவுக்கு நாலு பிள்ளைகள். திருவேங்கடம் மூன்று பெயரைத் தேடிப் பிடித்தார். நாலாவதாக ஒரு பெயர் சொன்னார்.

"அது பக்கத்து வூட்டுப் புள்ள" என்றாள் சரோஜா.

திரையில் கோடு எழுந்து துள்ளியது. சிநேகா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சரோஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"திங்கக்கெழமலேர்ந்து வரிசையா, ராவுக்கு இன்னா டிபன்?"

"தோச. அப்புறம்... தோச. புதங்கெழம உப்புமா. இல்ல, அது போன வாரமா?"

"நம்ம கல்யாணத்துல தாலி கட்டுனது எத்தினி மணிக்கு?"

நேரம் என்றால் நிமிஷம் பிசகாத மனிதர். இருட்டில் நெற்றி வியர்த்தது. "ஏழு... ஏழு இருவதா?"

"ஏழு இருவது உங்க மாமல்லபுரம் ரிட்டன் டிரிப்பு. தாலி கட்டுனது அஞ்சே முக்காலு."

கண் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிரமாதமாகத் துள்ளிற்று. அடுத்து, நாற்காலி ஒரே பக்கமாகச் சுற்றிச் சட்டென்று நின்றது. நின்ற பிறகு எதிர்ப் பக்கமாகச் சுற்றுவதுபோல் இருந்தது அவருக்கு. தன்னையறியாமல் இரண்டு கையும் கட்டு அவிழ்ந்து கைப்பிடியைத் தேடிப் போயின. பாதி வழியில் நினைவு வந்து திரும்பக் கட்டிக்கொண்டார். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். உள்ளே இன்னொரு கேமரா இருப்பது அவருக்குத் தெரியாது. சரோஜா திரையில் அதைப் பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் தணிந்தது.

"நான் ஏன் உங்க பஸ்ல ஏற மாட்டேன்?"

"இன்னாத்துக்கு அது இப்போ?"

"டெஸ்ட்டுக்குத்தான். சொல்லுங்க."

"கண்டக்டரு பொண்டாட்டின்னு எல்லாரும் பாப்பாங்கன்னு உனக்குக் கூச்சம்."

"தப்பு" என்றாள் சரோஜா. சரியான பதில் என்னவென்று சொல்லவில்லை. மைக்கை சிநேகாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

கிளினிக் டாக்டர் வந்து கோட்டுப் படங்களைப் புரட்டிப் பார்த்தார். வலது காது நன்றாக இருக்கிறது, இடது காது கொஞ்சம் சோம்பேறி, மூளை அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டு வருகிறது என்றார். ஆறு வாரம் தலைப் பயிற்சி. அதற்குப் பிறகு லைனுக்குப் போகலாம். சர்டிபிகேட்டில் கடைசியாக ஒரு வரி எழுதினார்: ஓடும் பஸ்ஸில் எப்போதும் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அந்த வரி வேணாமே சார்" என்றார் திருவேங்கடம்.

"அந்த வரி இல்லன்னா மத்த வரியும் இல்ல" என்றார் டாக்டர்.

ஆறு வாரமும் டைம் ஆபீஸிலேயே பயிற்சி நடந்தது. எதிர்ச்சுவரில் ஒரு எழுத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து அச்சரப்பாக்கம் போகிறவர் ஒருவர் வந்து, பஸ் போய்விட்டதா என்று கேட்டார். திருவேங்கடம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் போகவில்லையாக்கும் என்று அந்த மனிதர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் பயிற்சி முடியும் வரை திருவேங்கடம் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டார்.

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை ஆறு பத்தில் ஏறினார். சர்டிபிகேட்டின் நகலைத் தோல் பையில் மடித்து வைத்திருந்தார். பழைய ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். மூன்றாவது சீட்டில் செல்லம்மா, டிபன் பாக்ஸை இந்த முறை காலுக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தாள்.

திருக்கழுக்குன்றம் வரை பிடிக்கவில்லை. அப்பாசாமி பஸ்ஸைக் கண்ணாடி லோடு ஏற்றியவர்போல ஓட்டினார். கால் உறுதியாகத்தான் இருந்தது. பிடிக்காமலே போய்விடலாம், டாக்டர் என்ன பஸ்ஸில் ஏறிப் பார்க்கவா போகிறார் என்று தோன்றியது. எச்சூர் வளைவு வந்தது. பேச்சு நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

அவருக்கு டைம் ஆபீஸ் நாற்காலி ஞாபகம் வந்தது. கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தார். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. சோம்பேறிக் காதும் சேர்த்து. பஸ் வளைந்து நேராயிற்று.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். பின்னால் இன்னொருவர். பிறகு பஸ்ஸில் வழக்கமான பேச்சு தொடங்கிவிட்டது.

"அப்பாடா" என்றாள் செல்லம்மா. "இன்னிக்குத்தான் அண்ணாத்த, இந்த வளைவுல நான் நிம்மதியா ஒக்காந்தேன்."

"ஏன்? அன்னிக்கி நான் வுழுந்ததாலயா?"

"அன்னிக்கி வுழுந்தது ஒரு நாளு. நீ எப்போ வுழுவியோன்னு நான் பதினெட்டு வருசமா பயந்துகினு வரேன். நாங்க எல்லாரும்தான். இந்த வளைவு வந்தா பேசக்கூட மாட்டோம். உன்னத் தாங்கிப் புடிக்கத்தான் நான் இந்த சீட்டுலயே ஒக்காருவேன். ரெண்டு கையாலயும் காச எண்ண ஆரம்பிப்ப பாரு, எனக்கு ஈரக்கொலையே நடுங்கும்."

எச்சூரில் இறங்க வேண்டியவர் விசில் கொடுக்கச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திருவேங்கடம் ஊதினார். இருபத்தாறு வருஷ ரசிகர்கள் ஒரே வளைவில் போய்விட்டார்கள். ஆனால் அவர் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. அத்தனை பேர் அத்தனை வருஷம் தன் பொருட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி மூன்றாவது சீட்டை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.

பூஞ்சேரி தாண்டும்போது இன்னொன்று நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் சரோஜா ஒரே ஒரு தடவை அவர் பஸ்ஸில் வந்திருக்கிறாள். இறங்கும்போது, "புடிச்சிகினாதான் இன்னா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு விசில் ஊதினார். அதற்குப் பிறகு அவள் ஏறவில்லை. இருட்டு அறையில் அவர் சொன்ன பதில் ஏன் தப்பு என்று இப்போதுதான் விளங்கியது.

அன்று சாயந்திரம் வீட்டில் அதையெல்லாம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேட்டைத் திறக்கும்போது நீலம்தான் என்று பார்த்துக்கொண்டார். தோசைக்கு உட்கார்ந்ததும் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"கம்பியெல்லாம் ஒரே பிசுபிசுன்னு கீது. இத்தினி வருசம் ஜனங்க எப்பிடித்தான் புடிச்சிகினு வந்தாங்களோ."

சரோஜா தோசையைத் திருப்பிப் போட்டாள். வழக்கத்தைவிட ஒரு தோசை அதிகமாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு பத்து ராட்டினக்கிணறு ஸ்டாப்புக்கு வந்தபோது சரோஜா அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் பிரபா வீட்டுக்கு ஒரு கட்டைப் பை. திருவேங்கடம் அவள் வேறு பக்கம் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. பஸ் நின்றது. அவருடைய ஒரு கை கம்பியில் இருந்தது. எடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றி, எடுக்காமல் இருந்தார்.

சரோஜா முதலில் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு படியில் கால் வைத்தாள்.